வன்னியில எங்கட சின்ன வயசுக் கடையளுக்கு என்ன நடந்தது?

லண்டன்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. சின்னனில சனிக்கிழமையள்ல அம்மாவோட போய் இனிப்பு அள்ளிப்போட்டு நிறுத்து வாங்கின வூல்வோர்த்ஸ் கடை மூடுப்பட்டது இண்டைக்கும் அவவுக்குக் கவலையாக் கிடக்காம், வட இலங்கையில, வன்னியில வளந்த உங்களுக்கும் அப்பிடி மூடுப்பட்ட கடையள், மோலுகள் ஏதும் இருக்கோ, ஏன் மூடினவை, இப்ப போய்ப் பாத்தால் அந்த இடத்தில என்ன நிக்குது எண்டு. மோல் எண்டு ஒண்டு வன்னியில ஒருநாளும் இருந்ததில்ல. கடையள் இருந்தது, அதில முக்கால்வாசி இப்ப இல்ல. இதோட பதில முடிக்கலாம், ஆனா அப்பிடி முடிச்சால் அந்தக் கடையளுக்கும் அத நடத்தின ஆக்களுக்கும் அநியாயம் செய்த மாதிரி, அதால விரிச்சு எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

முதல் உங்கட கடை. வூல்வோர்த்ஸ் இங்கிலாந்தில 1909ல லிவர்பூல்ல துவங்கினது, 2008 கடைசியில கடன் தாங்கேலாமல் விழுந்து, கழிவு விலை போர்ட் தூக்கி, சாமான் முடிய றாக்கை, கூடை எல்லாத்தையும் கூட வித்து, 800க்கு மேற்பட்ட கடையள ஒவ்வொண்டாப் பூட்டிக்கொண்டு வந்து, கடைசிக் கடையள் 2009 ஜனவரி 6ம் திகதி பூட்டினவை. 27,000 பேர் மட்டில வேலை இழந்தவை. அதே கிழமை தான், ஜனவரி 2ம் திகதி, எங்கட வன்னிப் பட்டணம் கிளிநொச்சி இலங்கை ஆமியின்ட கையில போனது. உங்கட கேள்விய வாசிக்கேக்க தான் இந்த ரெண்டு திகதியும் இவ்வளவு கிட்டக் கிடக்கிறது எனக்குப் பொறிதட்டினது. அங்க சனம் வரிசையில நிண்டு கடைசிச் சாமான வாங்கிக்கொண்டு போகுது, இங்க அண்டைக்குக் கிளிநொச்சியில பூட்டுறதுக்கு ஒரு கடையும் மிச்சமில்ல. எல்லாம் அதுக்கு முன்னமே கழட்டி ஏத்துப்பட்டு தருமபுரம், விசுவமடுப் பக்கம் போட்டுது. சாமான் மட்டுமில்ல, தகரம், ஓடு, கதவு, நிலை, யன்னல், சில ஆக்கள் சுவரில இருந்த கல்லக்கூட விடேல்ல.

நான் சொல்ல வாறது இது தான். வன்னியில கடைய ஆளை வச்சுத் தான் அடையாளம் பிடிக்கிறது. கடைக்காரர், அவற்ற தராசு, அவற்ற கடன் கொப்பி, இந்த மூண்டும் எங்க போய் இறங்குதோ அங்க கடை. அப்பிடி எங்கட கடையள் ஒவ்வொண்டும் சாகிறதுக்கு முதல் நாலைஞ்சு ஊரில உயிர் வாழ்ந்தது. அதால "அந்தக் கடை எங்க இருந்தது" எண்டு என்னட்டக் கேட்டால் நான் "எந்த வருசம்" எண்டு திருப்பிக் கேக்க வேணும்.

எங்கட பெரியப்பா வட்டக்கச்சியில கடை வச்சிருந்தவர். வட்டக்கச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியில விளையிற குடியேற்றத் திட்ட ஊர், வாய்க்காலும் வயலும் தென்னையும், கிளிநொச்சி டவுண் சைக்கிள் தூரம். கடை எண்டால் மண்சுவர், மேல கிடுகு, முன்னுக்குப் பெரிய தட்டி, காலமை அந்தத் தட்டிய உயத்தி ரெண்டு தடியில முட்டுக் குடுத்தால் அது தான் பந்தல், அதுக்குக் கீழ ஒரு வாங்கு, வாங்கில எப்பவும் ரெண்டு மூண்டு ஐயாமார். பட்டறையில கண்ணாடிப் போத்தில் வரிசை, தோடம்பழ இனிப்பு, பல்லிமுட்டாய், எள்ளுப்பாகு, மேல கயித்தில வாழைக்குலை, பின்னுக்கு மா மூட்டை, மூலையில மண்ணெண்ணைப் பரல், அதால கடையில வாங்கிற எல்லாத்திலயும் கொஞ்சம் மண்ணெண்ணை மணக்கும், பாணில கூட. காசு லாச்சியத் திறக்கேக்க வாற சத்தம் இண்டைக்கும் எனக்குக் காதில கிடக்கு.

சாமான் எல்லாம் சரையில தான். பேப்பரக் கூம்பாச் சுத்தி, சீனியோ பருப்போ போட்டு, வாய மடிச்சு, மேல இருந்து தொங்கிற நூல் பந்தில இழுத்து ரெண்டு சுத்து, அறுக்கிறதும் கையால தான். பொருளாதாரத் தடைக் காலத்தில பேப்பரும் தட்டுப்பாடு, பழைய பள்ளிக்கூடக் கொப்பியள நிறுத்து வாங்கிக் கிழிச்சு சரை சுத்துவினம். நான் அந்தச் சரையளப் பிரிச்சு வாசிச்சு வளந்த ஆள், ஒண்டில யாரோ ஒரு அக்காவின்ட சமூகக்கல்விக் குறிப்பு இருக்கும், இன்னொண்டில சிவப்புப் பேனையால பிழை போட்ட கணக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பருப்பு வாங்கிக்கொண்டு வாற வழியில பாதி சரைய வாசிச்சு முடிச்சிருப்பன், அம்மா பருப்புக்குப் பாத்துக்கொண்டு நிப்பா.

கடன் கொப்பி எப்பிடி வேலை செய்தது எண்டத விளங்கப்படுத்தாமல் வன்னிக் கடையப் பற்றிக் கதைக்கேலாது. வன்னியில காசு வாறது நெல்லு வெட்டேக்க. காலபோகம் புரட்டாசி ஐப்பசி மழையோட விதைச்சு தை மாசி பங்குனிக்குள்ள வெட்டுறது, குளத்தில தண்ணி மிஞ்சினால் சித்திரையில சிறுபோகம். இடையில உள்ள மாசங்கள்ல வீட்டில காசு எண்டு ஒண்டும் இராது, ஆனா சீனி தேயிலை சவுக்காரம் மண்ணெண்ணை வேணும், பிள்ளையளுக்குக் கொப்பி பேனை வேணும். அந்த இடைவெளிய கடைக்காரர் தன்ர கையால தாங்கினவர். பிள்ளைய அனுப்பி "பெரியவர், அம்மா கொப்பியில எழுதட்டாம்" எண்டு சொன்னால் காணும். வெட்டு முடிஞ்சு சூடு மிதிச்சவுடன மூட்டை நேரா கடைக்கு வரும், கணக்குப் பாத்து மிச்சம் காசா வீட்ட போகும். கடைக்காரர் தான் மட்டும் என்ன செய்யிறது, அவர் கிளிநொச்சியில மொத்த வியாபாரியிட்டக் கடன், மொத்த வியாபாரி வவுனியாவிலயோ கொழும்பிலயோ கடன். ஒரு மழை பிழைச்சால் கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு வரைக்கும் அது தெரியும். வட்டி எண்டு எழுத்தில இருக்கேல்ல, விலையில கொஞ்சம் ஏத்தி வச்சிருப்பினம், அது எல்லாருக்கும் தெரியும், அதுக்காக ஒருத்தரும் கோவிச்சதில்ல. குடிச்சிட்டு கடனில பீடி கேட்டு வாற மனுசனுக்குக் குடுக்காமல் அவற்ற மனுசி அனுப்பின பிள்ளைக்குச் சீனி குடுக்கிற புத்தியும் அந்தப் பட்டறையில இருந்தது. வங்கியில அப்பிடி ஒரு புத்திய நான் இன்னும் காணேல்ல.

மற்றது சங்கக்கடை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நாடு முழுக்க 1957ல இருந்து வந்தது, கூப்பன் அரிசி அதுக்கும் முந்தி, ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில துவங்கினது. மற்ற இடங்கள்ல காலப்போக்கில சங்கக்கடை பின்னுக்குப் போச்சு, வன்னியில 1990க்குப் பிறகு அது தான் உயிர்நாடி. கொழும்பு அனுப்பிற நிவாரணச் சாமான் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு வந்து, கச்சேரியில இருந்து சங்கத்துக்கு வந்து, குடும்ப அட்டைய வச்சு மா, அரிசி, பருப்பு, சீனி எண்டு பங்கிடுவினம். லொறி வந்திட்டுது எண்டு கேள்விப்பட்டால் விடியக் காலமையே ஆக்கள் தங்கட பைய வரிசையில வச்சு மேல ஒரு கல்லு வச்சிட்டு வீட்ட போய் வேலையப் பாத்திட்டு வருவினம், அந்தப் பைய ஒருத்தரும் தள்ளி வைக்க மாட்டினம். சங்கக்கடை மனேச்சருக்குக் கிடைச்ச பேச்சு கொஞ்சநஞ்சமில்ல, நிறுவை குறையுது, மூட்டை குறையுது எண்டு. உண்மையில ஓமந்தை, உயிலங்குளம் ஆமிச் சோதனைச் சாவடியள்ல எத்தினை தரம் இறக்கிக் கிண்டிச் சோதிச்சு ஏத்தி வந்த மூட்டை, கிழிஞ்சு சிந்தினது போக மிச்சத்தத் தான் அந்த மனுசன் நிறுத்துக் குடுத்தது.

1990 ஆனியில திரும்பவும் சண்டை துவங்கினதோட பெற்றோல், டீசல், உரம், சீமெந்து, பற்றறி எண்டு பெரிய பட்டியல் ஒண்டு தடை. கடை றாக்கையப் பாத்தாலே அந்தப் பட்டியல் தெரியும், எது இல்லையோ அது தடை. மண்ணெண்ணை அரைப் போத்தில், கால் போத்தில் கணக்கில றோட்டுக்கரை மேசையில வச்சு விப்பினம், ஜாம் போத்திலுக்குள்ள பஞ்சும் திரியும் போட்டு விளக்கு, அதில தான் நாங்கள் எல்லாரும் படிச்சது. சைக்கிள் டைனமோவச் சுத்தி றேடியோ கேட்டது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். கறண்ட் இல்ல, அதால ஐஸ்பழம் எண்டது ஜெனறேற்றர் உள்ள இடத்தில எப்பவாவது காண்கிற அதிசயம். ஆனா வன்னிப் பிள்ளைக்கு தடை செய்யேலாத இனிப்பு ஒண்டு இருந்தது, வைகாசி ஆனியில பாலைப்பழம். காட்டுக்க போய் பிடுங்கிக்கொண்டு வந்து இலையிலயும் சரையிலயும் கட்டி சந்தியில வச்சு விப்பினம், அந்தப் பால் வாயில ஒட்டினால் பின்னேரம் மட்டும் போகாது. வீரைப்பழம், முரலிப்பழம் எல்லாம் அப்பிடித் தான். கூரை இல்லாத கடை, ஆனா என்ர கணக்கில அதுவும் கடை தான்.

இந்த இடத்தில இன்னொண்டையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாப் போயிடும். அதே 1990 ஒக்ரோபரில வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுக்க, 70,000க்கு மேற்பட்ட ஆக்கள், இயக்கத்தால, அதாவது விடுதலைப் புலிகளால வெளியேத்தப்பட்டவை. எங்கட அம்மா முள்ளியவளைப் பக்கம் பிறந்தவ, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் சனத்தோட சேந்து வளந்தவ. அவ சொல்லுவா, பள்ளிக்கூடச் சட்டைத் துணி எடுத்தது, தைச்சது, பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது எல்லாம் அந்தக் கடைக்காரரின்ட வீடுகள்ல இருந்து தான், ஒரு கிழமைக்குள்ள கடையும் இல்ல ஆக்களும் இல்ல எண்டு. அவை சாமான விட்டிட்டு புத்தளத்துக்குப் போய் வருசக்கணக்கா முகாமில இருந்தவை. எங்கட கடையள் இடம்பெயர்ந்தது எண்டு நாங்கள் கவலைப்படேக்க, அந்தக் கடையள் இடம்பெயரவும் விடப்படேல்ல எண்டத நாங்கள் நினைக்க வேணும். அது அநியாயம், இண்டைக்கு வரைக்கும் எங்கட ஆக்களில கனபேர் அதை வாய் திறந்து சொல்லிறதில்ல.

பிறகு 1995 ஒக்ரோபர் 30ம் திகதி யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டது. அந்தச் சனத்தில கனபேர் கிளாலியால கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தவை, அவையோட யாழ்ப்பாணக் கடையளும் வந்தது. புடவைக் கடை, நகைக் கடை, போட்டோ ஸ்ரூடியோ, சைக்கிள் கடை, பலசரக்கு, எல்லாம் கிளிநொச்சியில கிடுகுக் கொட்டில் போட்டுத் திறந்தவை. ஒரு வருசம் கூட இல்ல, 1996ல சத்ஜெய எண்டு பேர் வச்ச நடவடிக்கையில ஆமி ஆனையிறவில இருந்து இறங்கி புரட்டாசியில கிளிநொச்சியப் பிடிச்சது. அதோட நாங்களும் பெரியப்பாவின்ட கடையும் உழவு மெசின் பெட்டியில ஏறினம். அக்கராயன், ஸ்கந்தபுரம், பிறகு மல்லாவி.

மல்லாவி! தொண்ணூறுகளின்ட பிற்பகுதியில வன்னியில இருந்த ஆரையும் கேட்டுப் பாருங்கோ, மல்லாவி எண்டால் முகம் மாறும். துணுக்காய்ப் பக்கத்தில காடும் வயலுமா இருந்த சின்னச் சந்தி, கிளிநொச்சி போனதுக்குப் பிறகு அது தான் பட்டணம். பாலை மரத்துக்குக் கீழ நகைக்கடை, கிடுகுக் கொட்டிலுக்க கண்ணாடி வேலை செய்யிறவர், புத்தகக் கடை, பாண் போறணை, சலூன், தேத்தண்ணிக் கடை, பின்னேரம் மாறி மாறிப் பள்ளிக்கூடம். எனக்கு நல்லா நினைவிருக்கிறது ஒரு புடவைக் கடையின்ட போர்ட். கீழ் வரியில யாழ்ப்பாணம் எண்டு எழுதியிருந்ததுக்கு மேல பெயின்ற் அடிச்சு கிளிநொச்சி எண்டு எழுதி, அதுக்கும் மேல அடிச்சு மல்லாவி எண்டு எழுதியிருந்தவை. வெயில் அடிச்சால் மூண்டு ஊரும் ஒண்டுக்குக் கீழ ஒண்டாத் தெரியும். அந்தப் பக்கம் தெற்கால 1997 வைகாசியில ஆமி துவங்கின ஜயசிக்குறுய் நடவடிக்கைச் சண்டை, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு றோட்டு றோட்டா இழுபட்டுக்கொண்டு கிடக்கு, இந்தப் பக்கம் நாங்கள் தைப்பொங்கலுக்குச் சட்டைத் துணி தெரிவு செய்யிறம். எப்பிடி ஏலுமா இருந்தது எண்டு இப்ப யோசிச்சால் ஆச்சரியம், அப்ப ஆச்சரியமாத் தெரியேல்ல.

கிளிநொச்சிய இயக்கம் 1998 புரட்டாசியில திரும்பப் பிடிச்சாலும் டவுணில நிக்கிறதுக்கு ஒரு சுவரும் ஒழுங்கா இல்ல. 2002 பெப்ரவரி 22ல போர்நிறுத்த ஒப்பந்தம், அந்தச் சித்திரையில கண்டியில இருந்து வாற ஏ9 றோட்டு யாழ்ப்பாணம் வரைக்கும் திறந்தது. நீங்கள் கேட்ட மோலுக்குக் கிட்ட வாறது எண்டால் அந்த நாலு வருசத்துக் கிளிநொச்சி தான். கரடிப்போக்குச் சந்தியில இருந்து டிப்போச் சந்தி தாண்டிப் போகுமட்டும் ரெண்டு பக்கமும் கடை. கொழும்புச் சாமான் லொறி லொறியா வந்து இறங்கினது, வரியும் ஏத்துக்கூலியும் ஏறி விலை கூட தான், எண்டாலும் குளிர்ப்பெட்டிக்குள்ள நெக்டோ, மெலிபன், மஞ்சி பிஸ்கட், பிள்ளையளுக்குப் பற்றறி போட்ட விளையாட்டுக் கார். பாண்டியன் சுவையூற்று எண்டு இயக்கம் நடத்தின கடையில ஐஸ்கிரீம், பிறந்தநாள் எண்டால், சோதினை பாஸ் எண்டால், வெளிநாட்டு மாமா வந்தால் அங்க தான் கூட்டிக்கொண்டு போறது. அறிவமுது பொத்தகசாலையில நிண்டுகொண்டே வாசிக்கலாம், நான் அப்பிடித் தான் வாசிச்சன், ஒருநாளும் அவை கலைச்சதில்ல. பேக்கரிக்கு வெதுப்பகம் எண்டு போர்ட், அதில பின்னேரம் பணிஸ் இறங்கிற நேரம் றோட்டு முழுக்க மணக்கும். பெரியப்பா அப்ப மல்லாவியில இருந்து திரும்பி வந்து டவுணுக்கிட்ட சீமெந்துக் கட்டிடம் ஒண்டில கடை போட்டவர், வாழ்க்கையில முதல் தரம் இரும்புக் கதவு, சட்டர் இழுக்கிற சத்தம் கேக்க அவருக்குச் சரியான பெருமை. கொப்பி மட்டும் அதே கொப்பி, மல்லாவிக் கணக்கு முன்பக்கத்தில அப்பிடியே இருந்தது.

அந்த நேரம் கடற்கரைப் பக்கம் வேற கதை. 2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவு டவுணை அடிச்சுக்கொண்டு போனது, சண்டைக்குப் பிறகு அப்ப தான் நிமிர்ந்து வந்த கடையள், மீன் சந்தையோட சேந்து ஒரு காலமையில போச்சு.

2006 ஓகஸ்ட் 11ல முகமாலையில திரும்பச் சண்டை மூண்டு ஏ9 பூட்டுப்பட்டது. அதோட சாமான் குறைய, விலை ஏற, திரும்பவும் ஜாம் போத்தில் விளக்கு. 2008ல மன்னார்ப் பக்கத்துச் சனம் அடம்பன், மடு எண்டு கிளம்பி மல்லாவி வந்து, மல்லாவிச் சனம் கிளிநொச்சி வந்து, பிறகு எல்லாரும் பரந்தன் முல்லைத்தீவு றோட்டால கிழக்க. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். இந்தப் பேருகள நான் ஒழுங்காச் சொல்லுறது ஏனெண்டால் ஒவ்வொண்டிலயும் கடை இருந்தது. தறப்பாளுக்குக் கீழ, பங்கருக்குப் பக்கத்தில, ஒரு பலகையில கொஞ்ச வெங்காயம், தேயிலை, யாரோ மா கிடைச்சால் வாய்ப்பன் சுட்டு விப்பினம். சனம் ஷெல்லுக்க ஓடிப்போய் வாய்ப்பன் வாங்கிக்கொண்டு ஓடி வரும். வியாபாரிய அந்த நேரம் திட்டாத ஆள் இல்ல, கொள்ளை விலை எண்டு. சில பேர் கொள்ளை அடிச்சவை தான், மறுக்கேல்ல. ஆனா கடைசி மட்டும் கொப்பியில எழுதிக் குடுத்த ஆக்களும் இருந்தவை, திரும்பி வாறதுக்கு வழி இல்லை எண்டு தெரிஞ்சும்.

பெரியப்பா தராச தேவிபுரத்தில விட்டவர். கொப்பிய காணி உறுதியோடயும் அடையாள அட்டையோடயும் சேத்து பொலித்தீன் பையில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து சேந்தவர். முகாமுக்குள்ள அரசாங்கத்தின்ட சதோசக் கடை, கூட்டுறவுக் கடை, வங்கிக் கிளையெல்லாம் திறந்தவை, அங்க ஒரு பின்னேரம் மற்ற வலயத்தில இருந்த ஒரு அண்ணை கம்பி வேலிக்கு அங்கால நிண்டு கூப்பிட்டு, பழைய கணக்கு எவ்வளவு எண்டு கேட்டவர். பெரியம்மா அதைச் சொல்லும்போது இண்டைக்கும் அழுவா. கொப்பியில இருந்த மற்றப் பேருகள்ல கனபேர் முள்ளிவாய்க்காலுக்கு அங்கால வரேல்ல. பெரியப்பா அந்தப் பேருகள வெட்டவுமில்ல, கூட்டிப் பாக்கவுமில்ல.

இனி நீங்கள் கேட்ட "ஏன் மூடினவை". சண்டை எண்டு ஒரு சொல்லில முடிக்கிற ஆக்களோட எனக்கு உடன்பாடில்ல. சண்டை கடையள இடம் மாத்தினது, அழிச்சது, ஆனா அழிஞ்ச கடை ஒவ்வொரு தரமும் திரும்ப முளைச்சது. 2010ல மீள்குடியேறி தகரக் கொட்டில் போட்டதோட திரும்பவும் முளைச்சது தான், பெரியப்பாவும் திறந்தவர். உண்மையில கடையள ஆறுதலாச் சாகடிச்சது அதுக்குப் பிறகு வந்த காலம். ஏ9 கார்பெற் றோட்டாப் போச்சு, 2013ல யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, தெற்கில இருந்து சாமான் வான் வீட்டு வாசலுக்கே வந்து கதிரை, வாளி, துணி எல்லாம் கட்டுக்காசுக்குக் குடுத்தது, டவுணில குளிரூட்டின சூப்பர்மார்க்கற், சந்திக்குச் சந்தி லீசிங் கொம்பனி, நுண்கடன். அது எல்லாம் வரக்கூடாது எண்டு நான் சொல்லேல்ல, முப்பது வருசம் ஒண்டுமில்லாமல் இருந்த சனத்துக்கு வெளிச்சமான கடைக்குள்ள போய் தானே எடுத்துக் கூடையில போடுறது சந்தோசம் தான். ஆனா கடன் இடம் மாறினது. முந்தி வெட்டுக்கு வெட்டு அடைச்ச கடன் இப்ப கிழமைக்குக் கிழமை, மழை பெய்தால் என்ன பெய்யாட்டி என்ன. பெண்கள் குழுக் கூட்டத்தில இருந்து தவணை கட்டேலாமல் பட்ட பாடு கொஞ்சமில்ல, 2018ல வரட்சி மாவட்டப் பெண்களின்ட ஒரு லட்சம் ரூபா வரைக்குமான நுண்கடன அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. கையில இருக்கிற காசு தவணைக்குப் போக, கடைக் கொப்பி அடைபடாமல் கிடந்து, கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குக் குடுக்கேலாமல், தட்டி ஒருநாள் இறங்கினது இறங்கினது தான். பிள்ளையள் கனடாவிலயோ பிரான்சிலயோ, கடைக்கு இருக்க ஆளுமில்ல. 2022ல மண்ணெண்ணைக்கும் பெற்றோலுக்கும் நாடு முழுக்க வரிசை நிண்ட நேரம் மிஞ்சியிருந்த ஊர்க்கடையள் திரும்பக் கொப்பி திறந்தவை எண்டு கேள்விப்பட்டன், எனக்கு அது பெரிய நிம்மதியா இருந்தது.

நீங்கள் வந்து பாத்தால் என்ன நிக்குது? மல்லாவி இப்பவும் டவுண் தான், ஆனா அந்தக் காலத்து நெரிசல் தெரிஞ்ச ஆளுக்கு அமைதியாத் தெரியும். பாண்டியன் இல்ல, அறிவமுது இல்ல, கிளிநொச்சியில கடையள் நிறைய, போர்ட் எல்லாம் புதுசு. முறிகண்டிப் பிள்ளையாரடியில கச்சான் கடையள் நிக்குது, பஸ் நிண்டு தேங்காய் உடைச்சிட்டு கச்சான் வாங்காமல் ஒருத்தரும் போறதில்ல, உங்கட அம்மாவும் கட்டாயம் வாங்கியிருப்பா, அங்க நிண்டு சாப்பிடுங்கோ. ஊர்வழிய போனால் கடைப் பேரைச் சொல்லித் தேடாதேங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது. கடைக்காரரின்ட பட்டப்பேரை, அவற்ற சொந்த ஊரைச் சொல்லிக் கேளுங்கோ, உடன காட்டுவினம்.

கடைசியா உங்களிட்ட ஒரு வேலை இருக்கு, தங்கச்சி, இத நான் மனசார கேக்கிறன். எங்களிட்ட படம் இல்ல. ஸ்ரூடியோக்காரரும் எங்களோட தான் ஓடினவை, அவையின்ட நெகற்றிவ், கொம்பியூட்டர் எல்லாம் வழியில போட்டுது, வீட்டு அல்பங்கள் மழையிலயும் பங்கருக்குள்ளயும் போச்சு. ஆனா 2002க்கும் 2006க்கும் இடையில லண்டன், கனடா, ஜேர்மனியில இருந்து ஆயிரக்கணக்கில ஆக்கள் வன்னிக்கு வந்து கமெராவும் வீடியோவுமா எடுத்துக்கொண்டு போனவை. உங்கட வீட்டிலயும் ஒரு அல்பம் இருக்கும். அம்மாவும் மாமாவும் முன்னுக்குச் சிரிச்சுக்கொண்டு நிப்பினம், அவைக்குப் பின்னால என்ன இருக்கெண்டு பாருங்கோ, ஒரு கடை போர்ட், ஒரு போத்தில் வரிசை, ஒரு சைக்கிள் கடை வாசல். அத ஸ்கான் பண்ணி, எந்த ஊர், எந்த வருசம், ஆற்ற கடை எண்டு அம்மாட்டக் கேட்டுப் பின்னால எழுதி வையுங்கோ. அம்மாக்கு இப்ப வயசு போகுது, இந்தக் கிழமையே கேளுங்கோ.